அஞ்சுவதற்கு எந்த வேற்றுமை?

ஒகேனக்கல்லுக்குப் போய் வந்தவர்கள் அருவியைப் பற்றி எழுதுவார்கள்; எண்ணெய்க் குளியலைப் பற்றி எழுதுவார்கள்; பொரித்த மீனைப் பற்றி நாவில் நீர் ஊற எழுதுவார்கள். அங்கே நின்றுகொண்டு ஆங்கில இலக்கணத்தைப் பற்றி யோசித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். உபாத்தியாயர் தொழிலின் தோஷம் அது. நேயர்கள் மன்னிக்க வேண்டும். ஆயினும் காரணமில்லாமல் யோசிக்கவில்லை.

பரிசல் துறையில் கூடியிருக்கும் ஜனங்களைப் பாருங்கள். ஒருவன் நீந்துவதில் கெட்டிக்காரன். ஒருவர் மீன் தின்பதில் பிரியமுள்ளவர். ஒரு பெண் காவிரியைப் பற்றித் தெரிந்துகொள்வதில் ஆவலுள்ளவள். தமிழில் மூன்று இடத்திலும் ‘இல்’ என்ற ஒரே உருபு வந்து நிற்கிறது. ஆங்கிலத்திலோ நீந்துகிறவன் ‘குட் அட் ஸ்விம்மிங்’. மீன் பிரியர் ‘ஃபாண்ட் ஆஃப் ஈட்டிங்’. அந்தப் பெண் ‘இன்டரெஸ்டட் இன் லேர்னிங்’. மூன்று பேருக்கும் மூன்று முன்னிடைச் சொற்கள். நம் பிள்ளைகள் தமிழிலே நினைத்து, மூன்றுக்கும் ‘இன்’ என்று எழுதுகிறார்கள். மூன்றாவதற்கு மதிப்பெண் கிடைக்கிறது; முதல் இரண்டும் சிவப்பு மையில் அடிபடுகின்றன. கிடைத்தது ஏன், அடிபட்டது ஏன் என்று அவர்களுக்கு விளங்குவதில்லை.

“இதற்கு விதி என்ன ஐயா?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இந்தியப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகப் புரட்டப்பட்டு வரும் ரென், மார்ட்டின் இருவரின் இலக்கணப் புத்தகத்தில் இத்தகைய சொற்களெல்லாம் பட்டியல் பட்டியலாக அடுக்கப்பட்டிருக்கின்றன. பட்டியல் விதி ஆகுமா? மளிகைக் கடைக் கணக்கை மனப்பாடம் செய்வதுபோல் அதை உருப்போட்டுவிட்டு, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறான் பையன். மறந்தபின் அவனுக்கு மிஞ்சுவது, “எனக்கு இங்கிலீஷ் வராது” என்ற ஒரு நினைப்பு மட்டுமே. ஒற்றை மதிப்பெண் போவது பெரிதல்ல. இந்த நினைப்பு ஆயுள் முழுவதும் கூட வருகிறதே, அதுதான் பெரிது.

உண்மையில் இங்கே இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. எந்தப் பண்புச் சொல்லுடன் எந்த முன்னிடைச் சொல் சேரும் என்பது ஒன்று. அதற்கு விதி இல்லை, வழக்குத்தான். முன்னிடைச் சொல் வந்தபிறகு வினைச்சொல் என்ன வடிவம் எடுக்கும் என்பது மற்றொன்று. அதற்கு விதி உண்டு. மிக எளிய விதி. அதைத் தமிழ்ப் பிள்ளை ஒவ்வொன்றும் பள்ளிக்கு வருமுன்னரே அறிந்திருக்கிறது.

‘விழு’ என்ற வினையுடன் ‘ஐ’ உருபைச் சேர்த்துப் பாருங்கள், சேராது. ‘விழுவதை’, ‘விழுதலை’ என்று அதைப் பெயராக்கிய பிறகே வேற்றுமை உருபு ஒட்டும். ஆங்கிலத்திலும் அதே கதைதான். ‘ஆஃப்’, ‘அட்’, ‘இன்’ ஆகியவை வினையின்மேல் உட்காரமாட்டா. ‘இங்’ விகுதி சேர்த்து அதைத் தொழிற்பெயராக்கினால் உட்காரும். நம் உருபு பின்னால் ஒட்டுகிறது, அவர்களுடையது முன்னால் நிற்கிறது, வித்தியாசம் அவ்வளவே. இதைத் தமிழில் இரண்டு நிமிஷம் சொன்னால் வகுப்பு முழுவதும் தலையசைக்கும். இங்கிலீஷ் வகுப்பில் தமிழே பேசக்கூடாது என்று சட்டம் போடும் பள்ளிகளில் அந்த இரண்டு நிமிஷத்துக்கும் இடமில்லை.

இனி, அச்சத்துக்கு வருவோம். ஒகேனக்கல்லில் அதற்குப் பஞ்சமில்லை. தண்ணீர் பாறைகளில் மோதிப் புகைபோல் எழுவதனால்தான் கன்னடத்தில் ‘புகைக்கல்’ என்று பொருள்படும் இப்பெயர் அந்த இடத்துக்கு வந்தது. அங்கே பாறைமேல் நிற்கும் பையன் ‘அஃப்ரெய்ட் டு ஜம்ப்’. பரிசலில் உட்கார்ந்திருக்கும் அவன் தாயார் ‘அஃப்ரெய்ட் ஆஃப் ஃபாலிங்’. இரண்டும் பயம்தானே, ஏன் இரண்டு வடிவம்? குதிப்பது மனிதன் தானாகச் செய்வது. விழுவது அவனை மீறி நேர்வது. தமிழ் இந்த வேற்றுமையை அறியாததா? “குதிக்கப் பயப்படுகிறான்” என்கிறோம். “விழப் பயப்படுகிறாள்” என்று எவரேனும் சொல்கிறோமா? “விழுந்துவிடுவோமோ என்று பயப்படுகிறாள்” என்றுதான் சொல்கிறோம். ஆங்கிலேயர் காட்டும் நுட்பம் நம் பாட்டிமார் பேச்சிலேயே இருக்கிறது.

இன்னும் ஒன்று. அச்சப் பொருளுள்ள சொல் எந்த வேற்றுமையை ஏற்கும் என்பதைத் தொல்காப்பியர் தனியே ஒரு சூத்திரத்தில் சொல்லியிருக்கிறார்: ஐந்தாவதும் வரும், இரண்டாவதும் வரும் என்பது அவர் முடிவு. புலியின் அஞ்சினான், புலியை அஞ்சினான் என இரண்டும் சரி. பாணினியும் பயத்தின் காரணத்துக்கு ஐந்தாம் வேற்றுமையையே விதிக்கிறார். ஐந்தாம் வேற்றுமை நீக்கப் பொருளைக் குறிப்பது. அஞ்சியவன் அஞ்சப்பட்டதை விட்டு விலகுகிறான் அல்லவா? இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆங்கிலத்தின் ‘ஆஃப்’ என்ற சொல்லும் பழங்காலத்தில் ‘விட்டு’, ‘இலிருந்து’ என்ற பொருளில் வழங்கியதுதான். ஆனால் இன்று நாம் ‘புலிக்கு அஞ்சினான்’ என்று நான்காம் வேற்றுமைக்கு மாறிவிட்டோம். ஏன் மாறினோம்? விதியாலல்ல, வழக்கால். ஆகவே, “குட் அட் என்பதில் அட் எதற்கு?” என்று ஆங்கிலேயனைச் சந்தியில் நிறுத்திக் கேட்பதில் பயனில்லை. அவனும் நம்மைப்போலத்தான் திருதிருவென்று விழிப்பான்.

வழக்கை எப்படிக் கற்பது? ஜோடியாகக் கற்க வேண்டும். ‘ஃபாண்ட்’ என்று தனியாகக் கற்பித்துவிட்டு, ஆறு மாதம் கழித்து ‘ஆஃப்’ என்று தனியாகக் கற்பிப்பதைப்போல் வீண் வேலை வேறில்லை. துடுப்பில்லாமல் பரிசலை விற்பது அது. முதல் நாளே ‘ஃபாண்ட் ஆஃப்’ என்று ஒரே மூச்சில், ஒரே சொல்லாக, ஒரு வாக்கியத்தில் வைத்துக் காதில் போட்டுவிட வேண்டும். காவிரியின் ஒரு கரையில் தமிழ், மறு கரையில் கன்னடம் என்றிருக்கும் அந்த எல்லைப் பிரதேசத்தில் இரண்டையும் பேசுகிறவர்கள் பலர். அவர்கள் யாரும் பட்டியலைப் பார்த்துப் பேசவில்லை.

முன்னிடைச் சொல்லே வேண்டாத சொற்களும் உண்டு. மீன் பொரிக்கும் அம்மாள் ‘பிஸி ஃப்ரையிங்’. அருவி ‘வர்த் ஸீயிங்’. இவற்றின் நடுவே எதையும் நுழைக்க வேண்டாம். இதற்குமேல் சொல்லவும் ஒன்றுமில்லை.

ஆனால் ‘டு’ என்ற சின்னஞ்சிறு சொல் இருக்கிறதே, அதனிடம் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். அது இரட்டை வேஷக்காரன். சில சமயம் வினையெச்சத்தின் அடையாளம், சில சமயம் அசல் முன்னிடைச் சொல். பரிசல் ஓட்டி ஒருவர் வெளியூர்ப் பயணியிடம் ‘ஐ யூஸ்ட் டு ரோ’ என்று சொன்னால், “முன்பெல்லாம் ஓட்டுவேன், இப்போது இல்லை” என்று ஆகிவிடும். பயணி குடும்பத்தோடு வேறு பரிசலைத் தேடுவார். ‘ஐ ஆம் யூஸ்ட் டு ரோயிங்’ என்றால்தான் “ஓட்டிப் பழகியவன்” என்று பொருள். இதைச் சோதிக்க ஒரு வழி: ‘டு’வுக்குப் பின் வினைக்குப் பதிலாக ஒரு பெயரைப் போட்டுப் பாருங்கள். ‘யூஸ்ட் டு த ரிவர்’, ஆற்றுக்குப் பழகியவன் என்று பொருந்துகிறதா? பொருந்தினால் அது முன்னிடைச் சொல், ‘இங்’ போடுங்கள்.

பரிசலில் ஏறியபின் கவனிக்கவேண்டியது மற்றொன்று. ‘ஹி இஸ் ஷ்யூர் ஆஃப் ரீச்சிங் த ஷோர்’ என்றால், கரை சேருவோம் என்ற நம்பிக்கை அவருக்கு இருக்கிறது என்று மட்டுமே பொருள். ‘ஹி இஸ் ஷ்யூர் டு ரீச்’ என்றால், அவர் சேர்ந்துவிடுவார் என்பது நம்முடைய நிச்சயம். முன்னும் பின்னும் இல்லாத அந்த வட்டப் பரிசலில் ஒற்றைத் துடுப்பை நம்பி உட்காரும்போது இரண்டாவது வாக்கியத்தையே என் மனம் விரும்பும். வெள்ளம் பெருகும் நாட்களில் ஜில்லா நிர்வாகம் பரிசல் போக்குவரத்தையே நிறுத்திவிடுவதால், எந்த வாக்கியத்துக்கும் அவசியம் ஏற்படுவதில்லை.

பொழுது சாய்ந்தபின் துடுப்பைக் கரையில் சார்த்திவிட்டு உட்காரும் பரிசல் ஓட்டியை ‘டயர்ட் ஃப்ரம் ரோயிங்’ என்று எழுதுங்கள். கை ஓய்ந்துவிட்டது, அவ்வளவே. ‘டயர்ட் ஆஃப் ரோயிங்’ என்று எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதினால் தொழிலே அவருக்கு வெறுத்துவிட்டது என்றாகும். மறுநாள் காலை துறையில் நமக்குப் பரிசல் இராது.