மது லைசென்சும் தொழிலாளியின் கூலியும்

ஒரு ஹோட்டல் முதலாளி சட்டத்தை மீறி ஆள் வைத்து வேலை வாங்குகிறார். அதற்காக அவருடைய மது லைசென்சைப் பறிக்கலாமா? பறிக்கலாம் என்று 2016 ஏப்ரலில் லண்டன் உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. செங்கல்பட்டு ஜில்லாத் தொழிலாளிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். சம்பந்தம் உண்டு. கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை கடற்கரை நெடுக மது விளம்பும் ஹோட்டல்களில் தட்டுக் கழுவுகிறவர்களும் அறை பெருக்குகிறவர்களும் நம் வீட்டுப் பிள்ளைகள். அல்லது நம்மைப் போலவே வயிற்றுக்காக ஊர்விட்டு வந்தவர்கள்.

முதலில் அந்த வழக்கைப் பார்ப்போம். இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் பகுதியில் ஒரு சிறு உணவு விடுதி. 2014ல் போலீசும் குடியேற்ற அதிகாரிகளும் அங்கே சோதனை போட்டார்கள். அந்நாட்டில் வேலை செய்ய அனுமதி இல்லாத ஒருவர் அங்கே வேலை செய்துகொண்டிருந்தார். அவருக்கு நியமனக் காகிதம் கிடையாது. குறைந்தபட்சக் கூலியும் கிடையாது. கொடுத்தது கையில் ரொக்கம். வரி என்று சொல்லி அவர் கூலியில் பிடித்த பணமும் சர்க்காருக்குப் போய்ச் சேரவில்லை. ஈஸ்ட் லிண்ட்சே மாவட்ட மன்றம் அந்த விடுதியின் லைசென்சை ரத்துச் செய்தது. மறு ஆண்டு கீழ்க் கோர்ட்டு அதைத் திருப்பிக் கொடுத்தது. முதலாளி மீது குற்ற வழக்கே நடக்கவில்லையே என்பது வாதம். உயர்நீதிமன்றம் இந்த வாதத்தைத் தள்ளியது. தண்டனை கிடைத்த பிறகுதான் லைசென்சில் கை வைக்க வேண்டும் என்பதில்லை. மேலும் குற்றம் நடக்காமல் தடுப்பதும் மற்றவர்களுக்கு எச்சரிக்கை செய்வதும் இதில் அடங்கும் என்றது. ரத்து நிலைத்தது.

இதில் பாதி நியாயம் நமக்கு வேண்டிய நியாயம். லைசென்சு என்பது முதலாளியின் பாட்டன் சொத்து அல்ல. பொதுஜனத்தின் பெயரால் சர்க்கார் கொடுக்கும் சலுகை. கொடுத்த கைக்கு எடுக்கவும் உரிமை உண்டு.

மறுபாதியைப் பாருங்கள். குறைந்த கூலிக்கு உழைத்தவர் கதி என்ன? பிரிட்டனின் 2016ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் அனுமதியின்றி வேலை செய்வதையே குற்றமாக்கியது. அவர் வாங்கிய கூலியைக் குற்றத்தால் வந்த வருமானம் என்று பறிமுதல் செய்யவும் வழி செய்தது. 2017 ஏப்ரல் முதல் மது லைசென்சை மறுபரிசீலனை செய்யக் கோரும் அதிகாரமும் குடியேற்ற இலாகாவின் கைக்கு வந்தது. 2024 பிப்ரவரியில் முதல் தடவை மீறலுக்கான அபராதம் ஒரு தொழிலாளிக்கு 45,000 பவுன் வரை உயர்ந்தது. அபராதம் போவது சர்க்கார் கஜானாவுக்கு. அடுப்படியில் வெந்தவருக்கோ கைவிலங்கும் கப்பல் டிக்கெட்டும்.

இதனால் யாருக்கு லாபம்? "கூலி கேட்டால் போலீசுக்குச் சொல்லிவிடுவேன்" என்று மிரட்டும் முதலாளிக்குத்தான். புகார் கொடுத்தால் தானே சிறைக்குப் போக வேண்டும் என்றால் எந்தத் தொழிலாளி வாய் திறப்பான்? சுரண்டலை ஒழிக்க வந்த சட்டம் சுரண்டுகிறவன் கையில் சவுக்கைக் கொடுக்கிறது.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன ஜனாதிபதியும் மாமல்லபுரத்தில் சந்தித்தார்கள். 2022ல் பக்கத்துப் பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. உலகமே வந்து பார்த்த ஊர். வந்தவர்களுக்குப் படுக்கை விரித்தவர்கள், எச்சில் எடுத்தவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. எத்தனை மணி நேரம் வேலை, பெயர் மஸ்டர் ரோலில் உண்டா, பி.எப். கட்டுகிறார்களா, ஈ.எஸ்.ஐ. கார்டு கொடுத்தார்களா என்று அவர்களைக் கேளுங்கள். பதில் அவர்களுக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

ஹோட்டல் பார்களுக்கு நம் மாநிலத்தில் எப்.எல்.3 லைசென்சு. மதுவிலக்குச் சட்டம் என்று பெயர் வைத்த 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், 1981ஆம் ஆண்டு விதிகளின்படி அது வழங்கப்படுகிறது. 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது என்று விதி. குடிப்பவன் வயதைப் பார்க்கும் சர்க்கார், கோப்பையைக் கொண்டுவந்து வைப்பவன் கூலியைப் பார்க்க வேண்டாமா? 14 வயதுக்குட்பட்டவர்களை ஹோட்டல் வேலையில் வைப்பது 2006 அக்டோபர் 10 முதல் தடை செய்யப்பட்டது. 2016ல் திருத்திய சட்டப்படி, எந்தத் தொழிலில் குழந்தையை வைத்தாலும் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சொகுசு ஹோட்டல் முதலாளிக்கு 50,000 ரூபாய் ஒரு பொருட்டா? பார் மூடும் என்றால்தான் அவருக்கு உறைக்கும். தொழிலாளர் சட்டத்தை மீறியதற்காக ஒரு பாரின் லைசென்சை எடுத்தார்கள் என்று நாம் எப்போதாவது கேட்டதுண்டா?

லைசென்சு விஷயத்தில் இன்னொரு வேடிக்கையும் நடந்திருக்கிறது. 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டப்படி 20 பேரை வைத்தாலே காண்ட்ராக்டர் லைசென்சு வாங்க வேண்டியிருந்தது. 1979ஆம் ஆண்டுச் சட்டம் வெளி மாநிலத் தொழிலாளர் 5 பேர் இருந்தாலே பொருந்தியது. 2025 நவம்பர் 21ல் அமுலுக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டம் முதல் வரம்பை 50 ஆகவும் இரண்டாவதை 10 ஆகவும் உயர்த்திவிட்டது. 49 பேரைக் கொண்டுவந்து அடுப்படியில் நிறுத்தும் காண்ட்ராக்டருக்கு இனி இந்த லைசென்சு தேவையில்லை! மது விற்க லைசென்சு வேண்டும். மனித உழைப்பை விற்க வேண்டாமாம்.

"வடநாட்டான் வந்து நம் வேலையைப் பறிக்கிறான்" என்ற பேச்சு சில இடங்களில் கேட்கிறது. உழவர்களே, ஆலைத் தொழிலாளர்களே, ஏமாறாதீர்கள். ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிறவன் சட்டவிரோதமானவன் அல்ல. இந்த நாட்டில் எங்கும் போய் உழைக்க அவனுக்கு உரிமை உண்டு. அவனுக்குக் கொடுக்கும் அரைக்கூலிதான் சட்டவிரோதம். அவனுக்கு முழுக்கூலி கிடைக்கும் நாளில் உங்கள் கூலியை வெட்ட முதலாளிக்குச் சாக்கு இருக்காது.

உழைப்பவனை விடுவித்து, பிடித்து வைத்தவனைத் தண்டிக்கும் சட்டம் நம்மிடமே உண்டு. 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் கொத்தடிமையின் கடனையே செல்லாததாக்குகிறது. செங்கல்பட்டு தனி ஜில்லா ஆவதற்குச் சில மாதம் முன்பு, 2019 ஜூலையில், காஞ்சிபுரம், வேலூர் பகுதிகளில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் மீட்கப்பட்டார்கள். வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்த காட்சியை நாடே பார்த்தது. அவர்களை யாரும் குற்றவாளி என்று சொல்லவில்லை. அதே நியாயம் ஹோட்டல் அடுப்படிக்கும் வேண்டும்.

பாரை மூடினால் தொழிலாளி பிழைப்புப் போகுமே என்பார்கள். மது லைசென்சை நிறுத்தினால் நிற்பது மதுதான். அடுப்பு எரியும், அறைகள் திறந்திருக்கும், வேலையும் இருக்கும். பாரில் நின்றவர்களுக்கு அந்த நாட்களின் கூலியை முதலாளியே கொடுக்கட்டும். தப்பு அவருடையது, நஷ்டமும் அவருடையதாகட்டும்.

ஆகவே நாம் கேட்கிறோம்: லைசென்சைப் புதுப்பிக்கும்போது மஸ்டர் ரோல், கூலிப் பதிவேடு, பி.எப்., ஈ.எஸ்.ஐ. ரசீதுகளைக் காட்டச் சொல்லுங்கள். லைசென்சை மறுபரிசீலனை செய்யச் சொல்லி மனுக் கொடுக்கத் தொழிலாளிக்கும் சங்கத்துக்கும் உரிமை கொடுங்கள். மனுக் கொடுத்தவன் பெயர் வெளியே போகக் கூடாது. குற்றம் தெரிந்தால் லைசென்சை நிறுத்துங்கள். கூலிப் பாக்கியைப் பைசா மீதமின்றித் தீர்த்த பிறகே திருப்பிக் கொடுப்பதைப் பற்றிப் பேசுங்கள். குழந்தை இருந்தால் அது பள்ளிக்கூடம் போகட்டும். எந்தத் தொழிலாளி மீதும் வழக்கு வரக் கூடாது.

சர்க்கார் தானாக இதைச் செய்யாது. ஹோட்டல் தொழிலாளி தனியாளாக நின்றால் மிரட்டுவார்கள். ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் அவன் பக்கத்தில் நின்றால் மிரட்டியவன் குரல் இறங்கும். மாமல்லபுரம் போகும் பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் உட்காரும் ஹோட்டல் பையனிடம் இன்றே பேச்சைத் தொடங்குங்கள்!