மாத்திரையை நிறுத்தச் சொல்லி என்னிடம் வராதீர்கள்!

"டாக்டர், இங்கிலீஷ் மருந்தை நிறுத்திட்டு உங்க மருந்துக்கே வந்துடறோம்!" – இப்படிச் சொன்னால் சந்தோஷப்படாத சித்த வைத்தியர் உண்டா? நானும் ஒரு காலத்தில் சந்தோஷப்பட்டவன்தான். இப்போதெல்லாம், அதுவும் மனநோய்க்கான மாத்திரை என்றால், எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு தாயும் மகளும் வந்தார்கள். பெண்ணுக்கு 20 வயது. இன்ஜினீயரிங் படிக்கிறாள். "எப்பப் பார்த்தாலும் படுத்தே கிடக்கிறா. தலைகூடச் சீவறதில்லை. இவளுக்கு நாங்க என்ன குறை வெச்சோம்?" என்று அம்மா பொரிந்து தள்ளினார். மகள் வாயே திறக்கவில்லை. அம்மாவை வெளியே உட்காரச் சொன்னேன். வெகுநேரம் கழித்துப் பேசினாள்.

"காலையில நாலு மணிக்கே முழிப்பு வந்துடுது சார். நெஞ்சு படபடன்னு அடிக்கும். மெஸ்ஸுல நாலு பேர் முன்னாடி உட்காரணுமேன்னு பயந்து பட்டினி கிடந்திருக்கேன். பல் விளக்கறதே மலையேறுற மாதிரி இருக்கு. அம்மா சோம்பேறிங்கறாங்க. அழலாம்னா அழுகைகூட வரலை."

மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரையைப் பத்து நாள் சாப்பிட்டிருக்கிறாள். 'பழகிடும், நாளைக்குக் கல்யாணத்துக்கு வம்பு' என்று பாட்டி சொல்ல, நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதிலாகப் பாலில் கலந்து குடிக்க என்னிடம் அமுக்கரா சூரணம் வேண்டுமாம்!

மனச்சோர்வுக்கான மாத்திரை பிடிபடவே இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும். சிலருக்கு அதற்கும் மேல். அதற்குள் குமட்டல், படபடப்பு என்று எட்டிப் பார்க்கலாம். இளவயதினரை அந்த வாரங்களில் கூடுதல் கவனத்தோடு பார்த்துக்கொள்ள வேண்டும். இது போதை மாத்திரை அல்ல. பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரும் சில மாத்திரைகள் பழகிப்போகலாம். அதையும் எழுதிய டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். குணம் தெரிந்த பிறகும் பல மாதம் தொடர வேண்டியிருக்கும். மனநோய் நமக்குப் புதிதல்ல. எங்கள் சித்த நூல்களும் 'கிரிகை' என்ற பெயரில் அதைப் பேசுகின்றன. அதற்காக, நடுவில் இருக்கும் வைத்தியத்தைப் பிடுங்கிவிட்டு என் சூரணத்தை வைப்பதா?

வைத்தேன், ஒரு தடவை. இருபது வருஷம் இருக்கும். இதே வயசுப் பையன். அப்பா கேட்டதும், "நிறுத்துங்க, நான் பார்த்துக்கறேன்" என்றேன். மூன்றாவது வாரம் அவனைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் போய்ப் பார்த்தேன். பிழைத்துக்கொண்டான். அவன் அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அதனால் இந்தப் பெண்ணிடம் நேராகவே கேட்டேன்: "ஏம்மா, செத்துடலாம்னு தோணுதா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோம் என்று பயப்படுகிறோம். அது தப்பு. தலையை ஆட்டினாள். அப்புறம்தான் அழுதாள்.

அம்மாவை உள்ளே அழைத்து, அவளைத் தனியாக விடக்கூடாது என்று சொல்லி, அன்றைக்கே மனநல மருத்துவரிடம் திருப்பி அனுப்பினேன். தைராய்டுக் கோளாறிலும் ரத்தசோகையிலும் இதே சோர்வு வரும் என்பதால், ரத்தப் பரிசோதனையையும் நினைவூட்டி ஒரு சீட்டு எழுதினேன். பணம் இல்லாதவர்களுக்கு மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022-ல் தொடங்கிய 'டெலி மானஸ்' எண் 14416. கட்டணமில்லை, இரவிலும் தமிழில் பேசலாம்.

போன வாரம் இருவரும் வந்தார்கள். "மெஸ்ஸுல உட்கார்ந்து சாப்பிட்டேன் சார்" என்றாள். அம்மா குரலைத் தாழ்த்தி, "இப்ப மாத்திரையை நிறுத்திடலாமா டாக்டர்?" என்றார்.

"எழுதிக் கொடுத்தவரைக் கேளுங்கம்மா" என்றேன்.