இரும்புத் தாச்சியும் இயந்திர அடுக்களையும்

கல்லூரி மலர்களில் கல்வியையும் கலையையும் பற்றி எழுதுதலே மரபு. நாமோ அடுக்களையைப் பற்றி எழுதப் புகுந்துள்ளோம். ஒரு கருவியைப் பேணத் தெரிதலும் கல்வியேயாம். அக்கல்வி நம் இல்லங்களினின்றும் மெல்ல நழுவிச் செல்கின்றது. ஆதலின் இதனை இம்மலரிலேயே கூறத் துணிந்தோம்.

நம் பாட்டிமார் ஆண்ட இரும்புத் தாச்சியும் தோசைக்கல்லும் இன்று பல வீடுகளிற் கோடிப்புறத்தில் துருவேறிக் கிடக்கின்றன. அவை பழுதுற்றனவல்ல; பேணுவாரின்றிக் கைவிடப்பட்டனவே. வார்ப்பிரும்பு என்பது நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு வரை காபன் சேர்ந்த இரும்பு. அது வெப்பத்தை மெல்ல ஏற்று நெடுநேரம் காத்து வைக்கும். ஆனால் கொதிக்கும் தாச்சியிற் குளிர்நீரை வார்த்தால் வெடித்துவிடும்.

புதிய தாச்சியைப் பழக்குதல் என்று நம் மூத்தோர் கூறியதன் உட்பொருளை இன்றைய இரசாயனம் விளக்குகின்றது. மெல்லியதாகப் பூசிய எண்ணெய் சூடேறும்போது அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து கடினமான கரும்படலமாகின்றன. துருவைத் தடுப்பதும் உணவு ஒட்டாது காப்பதும் அப்படலமே. இதற்கு நல்லெண்ணெய் ஏற்றது. நம் பகுதியில் மலிந்துள்ள தேங்காயெண்ணெய் அத்துணை உறுதியான படலத்தைத் தருவதில்லை. வாவியும் கல்குடாக் கடலும் அணித்தேயுள்ள வாழைச்சேனையில் உப்புக்காற்று இரும்பை விரைந்து அரிக்கும். ஆதலின் கழுவிய தாச்சியை ஈரத்தோடு கவிழ்த்து வைத்தலாகாது. அடுப்பிலேற்றி ஈரம் போக்கி, ஒரு துளி எண்ணெய் தடவி வைத்தல் வேண்டும். துருவேறியதையும் பொச்சும் சாம்பலும் இட்டுத் தேய்த்து, மீண்டும் பழக்கிக் கொள்ளலாம். புளிக்கறியை அதில் நெடுநேரம் விட்டுவைத்தால் படலம் கரையும். அதற்கென மண்சட்டி இருக்கின்றது. எனினும் இரும்பிற் சமைக்கும் உணவில், சிறப்பாகப் புளிப்புள்ளதில், இரும்புச்சத்துச் சிறிது சேர்கின்றது என்பது 1986 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றினாற் புலனாயிற்று. சோகை நோய் கண்ட நம் பெண்மக்களுக்கு இஃது அற்பமான செய்தியன்று.

இதற்கு மாற்றாக வந்தது ஒட்டாத பூச்சுச் சட்டி. அப்பூச்சுப் பொருள் 1938 இல் அமெரிக்காவிற் கண்டறியப்பட்டது. 1950களிற் பிரான்சிற் சட்டியில் ஏறியது. ஏறத்தாழ 260 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் அதற்கு ஆகாது. கரண்டி பட்டாற் கீறும். உரிந்த பின் குப்பையே அதன் கதி. அதன் உற்பத்தியில் நெடுங்காலம் பயன்பட்ட பி.எப்.ஓ.ஏ. என்னும் இரசாயனத்தை 2023 இல் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பதென வகுத்தது.

நாம் இயந்திரத்தின் பகைவரல்லேம். 1950களில் எழுந்த காகித ஆலையாற் பெயர் பெற்ற ஊரார் அவ்வாறு இருத்தலும் இயலாது. அம்மியும் உரலும் பெண்களின் தோளை முறித்தன. விறகின் புகை அவர்தம் கண்ணையும் நெஞ்சையும் வருத்திற்று. அவ்வருத்தத்தைக் குறைத்த றைஸ் குக்கரையும் கிறைண்டரையும் இகழ்தல் நன்றியின்மையாகும். எமது மனக்குறை வேறொன்று. பழுதுற்ற கருவியை எடுத்துச் சென்றால், "உதிரிப்பாகம் இல்லை, புதியது வாங்குங்கள்" என்பதே விடையாகின்றது. சிறியதொரு உருகி எரிந்தமைக்காக முழுக் கருவியையும் எறிதல் எவ்வகை முன்னேற்றம்? ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல், உரிய சில பொருள்களைப் பழுதுபார்த்துக் கொடுக்கும் கடமையை உற்பத்தியாளர்மேற் சுமத்திச் சட்டம் இயற்றியது. நம் நாட்டவரும் அதனைக் கேட்டல் வேண்டும்.

2022 இல் நாம் கற்ற பாடத்தை மறத்தலாகாது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது; எரிவாயுவுக்கு மக்கள் வரிசையில் வாடினர்; ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 வீதம் உயர்ந்தது. அப்போது மின்கருவிகள் வாளாவிருந்தன. எவ்வடுப்பிலும் ஏறவல்ல இரும்புத் தாச்சி சோறிட்டது. ஒரேயொரு வழியை நம்பிய அடுக்களை, அவ்வழி அடைபடும் நாளிற் பசித்திருக்கும்.

ஆகவே எமது வேண்டுகோள் இது: மனையியல் வகுப்பிலே இரும்புப் பாத்திரத்தைப் பழக்கவும் பேணவும், மின்கருவியைப் பாதுகாப்பாகத் திறந்து எளிய பழுதைக் கண்டறியவும் மாணவர், மாணவியர் இருபாலார்க்கும் கற்பித்தல் வேண்டும். தொழில்நுட்பத் துறையிலுள்ள பழைய மாணவர் மாதம் ஒருநாள் கல்லூரிக்கு வந்து வழிகாட்டுவாராயின், அதற்கு வேண்டுவது ஒரு மேசையும் சில கருவிகளுமே. விழாக்காலத்தில் எழுப்பும் கட்டடங்கள் கல்லூரிக்கு அணியாகும். மாணவர் கையிற் பதியும் திறனோ, அவர்தம் இல்லந்தோறும் சென்று பயன்படும். இதனைப் பழைய மாணவர் சங்கம் ஏற்று நடத்துமென நம்புகின்றோம்.