ஆறாப் புண்ணும் மறைத்த சொல்லும்

நம் கல்லூரிச் சஞ்சிகையின் தமிழ்ப் பகுதியிலே இலக்கிய நயங்களை ஆராய்வதும், பெரியோர் வரலாறுகளை வரைவதுமே வழக்கம். அவ்வழக்கத்திற்கு மாறாகத் தோலில் தோன்றும் புற்றுநோயைக் குறித்து யான் எழுதத் துணிந்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு. இந்நாளில் நம் வீடுகளில் பாட்டனாரையும் பாட்டியாரையும் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வோர் பெரும்பாலும் கல்லூரியிற் பயிலும் பேரப்பிள்ளைகளே. ஆங்கிலத்தில் அச்சிட்டுவரும் பரிசோதனைத் தாளை முதலிற் படிப்போரும் அவர்களே. படித்ததைச் சொல்வதா மறைப்பதா என்று தீர்மானிக்கும் பாரமும் அவ்விளந்தோள்களின்மேலேயே விழுகின்றது. ஆகலின் முதியோர்க்கன்றி மாணவர்க்கே இதனை எழுதுகின்றேன்.

தோற்புற்று வெள்ளையர்க்கு வரும் நோய், நமக்கு அது வாராது என்று நம்மவர் பலர் எண்ணியிருக்கின்றனர். அவ்வெண்ணத்திற் பாதி மெய். நம் தோலுக்கு நிறந்தரும் மெலனின் என்னும் பொருள், வெயிலில் உள்ள புறஊதாக் கதிர்களைப் பெரிதும் தடுத்துக் காக்கின்றது. அதனாலேயே வெண்ணிறத்தாரினும் நம்மிடை இந்நோய் மிகக் குறைவு. மற்றைப் பாதியோ பொய். வெயில் ஒன்றே இந்நோய்க்குக் காரணமன்று. இலண்டன் மாநகரில் பெர்சிவல் பாட் என்னும் இரண வைத்தியர், புகைபோக்கிகளைத் துப்புரவு செய்வாரின் விதைப்பையில் தோன்றிய புற்றுக்குக் கரிப்புகையின் அழுக்கே காரணமென 1775ஆம் ஆண்டில் எழுதினார். 1915இல் ஜப்பான் தேசத்தில் யாமாகிவா, இச்சிகாவா என்னும் இருவர் முயலின் காதில் நிலக்கரித் தாரைப் பலநாள் தடவித் தடவிப் புற்றை உண்டாக்கிக் காட்டினர்.

நம் நாட்டிலேயே தெளிவான சான்று ஒன்றுண்டு. காசுமீரத்தில் குளிர்காலத்தில் மக்கள் காங்கிரி என்னும் கணப்பைத் தம் நீண்ட அங்கிக்குள் வைத்துக்கொள்வர். அது பிரம்பாற் பின்னிய கூட்டினுள் அமைந்த ஒரு மண்சட்டி. உள்ளே தணல் இருக்கும். வயிற்றிலும் தொடையிலும் அச்சூடு ஆண்டாண்டாகப் படப்பட, தோல் முதலிற் கறுத்து வலைபோலக் கோடுபட்டு, பின்னர் ஆறாப் புண்ணாகி, இறுதியிற் புற்றாக மாறும். இதனை முதன்முதல் விளங்க எழுதியவர் சீநகரில் மருத்துவ மிஷன் பணியைத் தொடங்கிய வில்லியம் எல்ம்ஸ்லி என்பார், ஆண்டு 1866. அவர்க்குப்பின் அங்கே பணிபுரிந்த நீவ் சகோதரர்கள் இத்தகைய கட்டிகளைத் தொகைதொகையாக அறுத்தெடுத்தனர். மிஷன் கல்லூரியிற் பயில்வோர் இப்பெயர்களை அறியாதிருப்பது எனக்கு வியப்பே. காங்கிரி இல்லாத நமக்கு இதனால் ஆவதென் எனின், பழைய தீக்காயத்தின் வடுவிலே பல்லாண்டு கழித்து ஒரு புண் தோன்றி ஆறாதிருக்குமாயின், அடுப்படியில் வாழ்நாள் கழித்த நம் தாய்மாரிடத்தும் அவ்வாறே ஐயுறல் வேண்டும் என்பதே. நிறமியே இன்றிப் பிறந்த வெண்தோலர்க்கோ நம் நாட்டு வெயில் பெருந்தீங்கு. இளமையிலேயே அவர்க்குத் தோற்புற்று வரக்கூடும்.

இனி என் செய்தி. மூக்கின் இடப்புறத்தில் மிளகளவாக ஒரு கரிய முனை எழுந்தது. மச்சம் என்றே கொண்டேன். முகம் மழிக்கும்போது குருதி கசியும், பொருக்குக் கட்டும், உதிரும், ஆறியதென்று மகிழ்வேன், மறுவாரம் மீண்டும் கசியும். இவ்வாறு பதினான்கு மாதங்கள் கழிந்தன. இடையில் ஒரு வைத்தியர் களிம்பு கொடுத்தார், யானும் தடவினேன். அவரையும் குறைகூற மனமில்லை. காட்டிவிட்டுப் பின் ஏழு மாதம் அவர்முன் செல்லாதிருந்தவன் யானே. மூன்று நான்கு வாரங்களில் ஆறாத புண் எதுவாயினும் தோல் வைத்தியரிடம் காட்டவேண்டும் என்னும் எளிய விதியை எனக்கு முன்பே எவரேனும் சொல்லியிருந்தால் இக்கட்டுரைக்கு இடமிராது.

தோல் வைத்தியர் ஒளியுடன் கூடிய பூதக்கண்ணாடி ஒன்றை மூக்கில் ஒற்றிப் பார்த்தார். பின், சிறிது தசை எடுத்துச் சோதிக்கவேண்டும் என்றார். அன்று மாலையே அண்டை வீட்டார் வந்து, "கத்தி மட்டும் வைக்க விடாதீர்கள், கத்தி பட்டால் உடம்பெங்கும் பரவிவிடும்" என்றனர். இச்சொல்லை நம் ஊர்களில் கேளாதார் இலர். இது எவ்வாறு பிறந்தது என்று பின்னர் ஓய்வாக எண்ணிப் பார்த்தேன். நோய் முற்றி, கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டிய பின்னரே பலர் வைத்தியசாலைக்குச் செல்கின்றனர். அறுத்த சில திங்களில் இறக்கின்றனர். கண்டோர் காலத்தாழ்வை மறந்து கத்தியை நினைவிற் கொள்கின்றனர். தோற்புற்றில் சோதனைக்காகச் சிறிது தசை எடுப்பதனால் நோய் பரவுவதில்லை என்பது ஆராய்ந்து கண்ட முடிபு. எடாதிருப்பின் அது எவ்வகை என்பதே தெரியாது. வகை தெரியாமல் வைத்தியம் இல்லை.

அச்சோதனையை அஞ்சுவோர்க்காக நடந்தபடியே கூறுவேன். முதலில் மரத்துப்போகச் செய்யும் ஊசி. அதுவே சிறிது எரியும். பத்து நொடியில் அடங்கும். பின் எழுதுகோல் போன்றதொரு கருவி. அதன் நுனி வட்டமான கத்தி, குறுக்களவு 4 மில்லிமீட்டர். அதனை அழுத்தித் திருகித் தசைத்துணுக்கை எடுக்கின்றனர். அழுத்தம் தெரியும், வலி தெரியாது. ஒரே ஒரு தையல். எடுத்த துணுக்கைப் பார்மலினில் இட்டு, பின் மெழுகில் பதித்து, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கைந்து பங்கு கனமுள்ள இதழ்களாகச் சீவி, நீலமும் இளஞ்சிவப்புமான இரு சாயங்களை ஏற்றி நுண்பெருக்கியில் நோக்குகின்றனர். இவ்வளவும் நடக்க ஒரு வாரமோ பத்து நாளோ ஆகும். ஊசியினும் கத்தியினும் கொடியது அக்காத்திருப்பே.

தாள் வந்தது. என் மகன் வாங்கினான், படித்தான், மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "சாதாரணப் புண்தான் அப்பா, சிறிது அறுத்து எடுத்துவிட்டாற் போதும்" என்றான். அவன் முகம் அவ்வாறு கூறவில்லை. மறுநாள் தந்த சீட்டிலோ புற்றுநோய்ப் பிரிவு என்று அச்சிட்டிருந்தது. முப்பதாண்டு பிள்ளைகளுக்குப் பாடஞ் சொன்னவனுக்கு ஒரு சீட்டைப் படிக்கத் தெரியாதா? மூன்று இரவுகள் உறங்கினேனில்லை. மனையாட்கு என்ன ஏற்பாடு, வீட்டுக் கடன் என்னாவது, யாரிடம் சொல்வது என்று இருளிலே கணக்கிட்டுக் கிடந்தேன். அவனும் அடுத்த அறையில் உறங்கவில்லை. ஒருவரையொருவர் காப்பதாக எண்ணி இருவரும் தனித்தனியே வருந்தினோம்.

நான்காம் நாள் யானே வைத்தியரிடம் தனித்துச் சென்று கேட்டேன். அவர் கூறியது யாது? தோற்புற்றில் முதன்மையானவை மூன்று வகை. தோலின் மேற்படலத்தின் அடிவரிசையில் எழும் அடியணுப் புற்று ஒன்று. அதற்கு மேலுள்ள அணுக்களில் எழும் செதிளணுப் புற்று ஒன்று. நிறமி செய்யும் அணுக்களில் எழும் மெலனோமா ஒன்று. முதல்வகை இருந்த இடத்திலேயே அரித்துக்கொண்டு போகுமேயன்றித் தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவுதல் மிக அரிது. முழுதும் களைந்துவிட்டால் பெரும்பாலும் அத்துடன் தீரும். இரண்டாவது, விட்டுவைத்தால் நெறிகளுக்குப் பரவக்கூடும். மூன்றாவதே மிகக் கொடிது. எனக்கு வந்தது முதல் வகை.

நண்பர்களே, இதனைச் சிறிது எண்ணிப் பாருங்கள். என் மகன் மறைத்த உண்மை, யான் கற்பனை செய்துகொண்ட பொய்யினும் நூறு மடங்கு இனியது. அவன் அன்பினாலேயே மறைத்தான் என்பதில் ஐயமில்லை. ஆயினும் மூன்றிரவு என்னை வாட்டியது அவ்வன்பே. மேலும், அறுவைக்கு இசைந்தேன் என்று கையொப்பமிட வேண்டியவன் யான். எதற்கு இசைகின்றேன் என்பதை அறியாதவன் இடும் கையொப்பம் எத்தகையது? நம் வைத்தியசாலைகளில் வைத்தியரும் நோயாளியின் தலைக்குமேலே மகனை நோக்கியே பேசுகின்றனர். நோயாளியோ தம் வழக்கைத் தாமே கேளாத கட்சிக்காரர்போல் அமர்ந்திருக்கின்றார்.

இதற்கு மறுமொழி உண்டு என்பதை அறிவேன். நெஞ்சுரம் இல்லாத முதியவர் புற்று என்னும் சொல்லைக் கேட்டமாத்திரத்தில் உணவை வெறுத்துப் படுத்துவிடுவார் என்பர். அத்தகையோரும் இருத்தல் கூடும். எனக்கு அறிய விருப்பமில்லை, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று தாமாகவே சொல்வோரும் உளர். அவர் விருப்பத்தைப் போற்றுதல் முறையே. ஆனால் அதனைச் சோதனைக்கு முன்பே அவரிடம் கேட்டறிக. அவர் சார்பில் நாமே முடிவு செய்துவிடுதல் முறையன்று. சொல்வதாயின் அச்சொல்லை மட்டும் தனியே விடாது, எந்த வகை, எவ்வளவு, அடுத்துச் செய்வது யாது என்பவற்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பெயரை மட்டும் கேட்டவன் அஞ்சுவான். முழுவதும் கேட்டவன் வினா எழுப்புவான்.

இனி அறுவை. கிரேக்கரும் உரோமரும் இந்நோய்க்கு நண்டின் பெயரை இட்டனர். நம் முன்னோர் இட்ட பெயரே பொருத்தமுடையது என்பேன். கறையான் புற்றில் வெளியே தோன்றும் வாய் ஒன்று. மண்ணுக்குள்ளே கிளைவழிகள் பல. கண்ணுக்குத் தெரியும் முனையை மட்டும் சீவினால் உள்ளிருப்பது மீண்டும் எழும். ஆதலின் சுற்றிலும் நல்ல தோலையும் சேர்த்தே அறுக்கின்றனர். என் வகைக்குச் சிறியதாயின் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர். மெலனோமாவிற்கு அதன் ஆழத்தை அளந்து, 1 சென்டிமீட்டர் முதல் 2 வரை எடுப்பர். அவ்வாழமே நோயின் கடுமையைக் காட்டும் என்பதை அலெக்சாண்டர் பிரெஸ்லோ 1970இல் நிறுவினார்.

மூக்கு, இமை, காது ஆகிய இடங்களில் நல்ல தோலைத் தாராளமாக வெட்ட இடமில்லை. அங்கெல்லாம் பிரெடரிக் மோஸ் என்பவர் 1930களில் அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய முறை சிறந்தது. ஒரு படலம் எடுத்து, உறையவைத்துச் சீவி, அதன் அடியையும் விளிம்பையும் முழுதும் நுண்பெருக்கியில் நோக்கி, எந்த மூலையில் நோய் எஞ்சியதோ அந்த மூலையில் மட்டும் மீண்டும் எடுப்பது. பொதுமுறையில் ரொட்டியைத் துண்டுபோட்டுப் பார்ப்பதுபோல் இடையிடையே சில இதழ்களையே பார்க்கின்றனர். மோஸ் முறை நம் நாட்டில் எல்லா ஊர்களிலும் இல்லை. எனக்கு வாய்த்தது நற்பேறே.

காலை எட்டு மணிக்குச் சென்றேன். முதற்படலம் எடுத்தபின் கட்டுப்போட்டு வெளியே அமர்த்தினர். ஒன்றரை மணி நேரம் காபி குடித்தும் செய்தித்தாள் படித்தும் காத்திருந்தேன். கீழ்மூலையில் எஞ்சியிருப்பதாகச் சொல்லி மீண்டும் அழைத்தனர். இரண்டாம் முறை முழுதும் தூய்மை என்றனர். பின் கன்னத்துத் தோலைச் சிறிது நகர்த்தி மூடித் தைத்தனர். குருதிக்குழாய்களைச் சுட்டு அடைக்கும்போது தசை கருகும் நாற்றம் எழும். இதனை முன்னரே ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை, சற்று நடுங்கினேன். மிளகளவு முனைக்கு நெல்லிக்காயளவு பள்ளமா என்று திடுக்கிடவும் வேண்டாம். மறுநாள் கண் வீங்கிக் கறுக்கும், தானே வடியும். குருதி கசிந்தால் துணியை வைத்து இருபது நிமிடம் விடாது அழுத்தவேண்டும். இடையிடையே எடுத்துப் பார்த்தல் கூடாது. குருதியை நீர்க்கச் செய்யும் மாத்திரை உண்போர் அதனைத் தாமாகவே நிறுத்திவிடாமல் வைத்தியரைக் கேட்கவேண்டும். முகத்துத் தையலை ஒரு வாரத்திற்குள் பிரித்துவிடுவர்; உடலிலும் காலிலும் இரண்டு வாரமாகும். வடு முழுதும் அடங்க ஓராண்டு செல்லும்.

கருந்தோலினர் தம் உள்ளங்காலையும் உள்ளங்கையையும் நகத்தடியையும் பார்த்துக்கொள்ளவேண்டும். வெயில் படாத அவ்விடங்களிலேயே நம்மவர்க்கு மெலனோமா தோன்றுகின்றது. யமெய்க்காவின் புகழ்பெற்ற பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரலின் நகத்தடியில் அது இருப்பது 1977இல் தெரிந்தது. விரலைக் களையச் சொல்லியும் அவர் இசையவில்லை. 1981இல் இறந்தபோது வயது 36. முன்பு இல்லாத கரும்புள்ளி பாதத்தில் தோன்றினும், பழைய மச்சம் வடிவோ நிறமோ மாறி விரியினும், அதனை முள் குத்திய தடம் என்று விட்டுவிடலாகாது. நம் பாட்டிமாரின் பாதங்களை யார் பார்க்கின்றார்கள்?

ஒரு முறை வந்தவர்க்கு வேறிடத்திலும் வரலாம் என்பதால், ஆறு மாதத்திற்கு ஒருமுறை உடல் முழுதும் காட்டிவருகின்றேன். அடுத்த முறை ஆவணியில். பரிசோதனைத் தாளை இனி யானே சென்று வாங்கி வருவதென்று மகனோடு பேசி முடிவு செய்திருக்கின்றோம். அவன் சற்று மனத்தாங்கலுடனேயே இசைந்தான்.