முடிவு கைபேசியில், விளக்கம் யாரிடம்?

திசுப் பரிசோதனையின் அறிக்கை இரவு பத்து மணிக்குக் கைபேசிக்கு வந்து சேர்கிறது. அது ஆங்கிலத்தில் இருக்கிறது. மருத்துவரைச் சந்திக்கும் நாளோ அடுத்த வாரம்தான். அந்த ஒரு வாரத்தை ஒரு தொழிலாளியின் குடும்பம் எப்படிக் கடக்கும்? பரிசோதனை முடிவுகளை இணையவழியில் உடனுக்குடன் வழங்கும் முறை பரவிவரும் இந்நாளில், இக்கேள்விக்கு இடதுசாரிகள் தெளிவான விடை கூறியாக வேண்டும்.

மருத்துவர் பார்த்த பிறகே முடிவைத் தர வேண்டும் என்பது ஒரு சாராரின் வாதம். இதனை நாம் ஏற்க இயலாது. தன் உடலைப் பற்றிய செய்தி நோயாளிக்கே உரியது. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிமுறைகளே கூறுகின்றன. ஆயினும் அதைக் கேட்கவே அஞ்சி நிற்கும் ஏழைகளை நாம் அறிவோம்.

அமெரிக்காவில் 2021 ஏப்ரல் முதல், முடிவுகளைக் காரணமின்றித் தடுத்து வைப்பதற்குச் சட்டம் இடமளிப்பதில்லை. அங்கு இணையவழியில் முடிவுகளைப் பார்த்த 8,139 பேரிடம் நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 96 விழுக்காட்டினர் மருத்துவர் பார்ப்பதற்கு முன்பே முடிவு கிடைப்பதை விரும்பினர். முடிவு இயல்புக்கு மாறாக இருந்தவர்களிடையே கவலை கூடியதையும் அதே ஆய்வு பதிவு செய்தது. ஆகவே, முடிவு விரைந்து வருவதன்று சிக்கல். விளக்கம் அதனுடன் வராமலிருப்பதே சிக்கல்.

ஒன்றிய அரசு 2021 செப்டம்பர் 27 அன்று ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தை நாடெங்கும் தொடங்கியது. 14 இலக்க ‘ஆபா’ எண் இருந்தால் அறிக்கைகளைக் கைபேசியிலேயே காணலாம் என்கிறது. ஆனால் அறிக்கையை விளக்கிச் சொல்ல மருத்துவர்களும் செவிலியர்களும் வேண்டுமே! 2025க்குள் அரசின் சுகாதாரச் செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடாக உயர்த்துவதாக 2017ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கொள்கை உறுதியளித்தது. 2021-22இல் அது 1.84 விழுக்காடாகவே இருந்தது. நாட்டின் மொத்த சுகாதாரச் செலவில் 39.4 விழுக்காட்டை மக்கள் தம் கைப்பணத்திலிருந்து செலுத்தினர்.

மருத்துவர் இல்லாத இடத்தில் சந்தை நுழைகிறது. சிவப்பு எழுத்தில் ஓர் எண். அதனடியில் அடுத்த பரிசோதனைத் தொகுப்புக்கான விளம்பரம். நோயாளியின் அச்சமே இங்கு சரக்காகிறது. திரட்டப்படும் தரவுகளுக்கும் பாதுகாப்பு உறுதியில்லை. 2022 நவம்பரில் இணையத் தாக்குதலால் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகளே முடங்கி, பணிகள் பல நாட்கள் காகிதத்தில் நடந்ததை மறக்கலாகாது.

எனவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. முடிவு உடனே நோயாளிக்குக் கிடைக்க வேண்டும். கடுமையான நோய் ஐயம் இருப்பின், பரிசோதனைக்கு முன்பே மருத்துவர் அதை எடுத்துரைத்து, முடிவை எவ்வாறு அறிய விரும்புகிறார் என்று நோயாளியிடம் கேட்க வேண்டும். தாய்மொழியில் விளக்கம் பெறவும், ஐயம் கேட்கவும் ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் பணியாளர் இருக்க வேண்டும். கைபேசி இல்லாதோருக்குக் காகித நகல் கட்டணமின்றித் தரப்பட வேண்டும். விருப்பத்தின் பேரிலானது என்று அரசே கூறும் ‘ஆபா’ எண்ணைச் சிகிச்சைக்கு நிபந்தனையாக்கக் கூடாது.

நமது கிளைகள் தத்தம் பகுதியிலுள்ள அரசு மருத்துவமனைகளில் இக்கோரிக்கைகளை எழுப்ப வேண்டும். அறியும் உரிமையும் மருத்துவம் பெறும் உரிமையும் பிரிக்க இயலாதவை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுக்க அரசை அனுமதிக்கலாகாது.