ஓடினாலும் குற்றம், உட்கார்ந்தாலும் குற்றம்

எங்கள் ஊரில் ஒருவர் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். ஒன்று நோயாளி, இல்லையென்றால் திடகாத்திரம். நோயாளி என்றால் கட்டிலில் கிடக்க வேண்டும். பார்க்க வருகிறவர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வருவார்கள். திடகாத்திரம் என்றால் வீட்டில் மாத்திரை டப்பாவே இருக்கக் கூடாது. முடக்குவாதத்துக்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டே கடற்கரைச் சாலையில் கிலோமீட்டர் கணக்கில் ஓடுகிற ஒரு பெண்ணை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று தூத்துக்குடிக்கு இன்னும் பிடிபடவில்லை. அந்தக் குழப்பத்துக்கெல்லாம் நான்தான் தினமும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஓடி முடித்து வியர்வையோடு தெருவுக்குள் நுழைந்தால் எதிர்வீட்டு அத்தை கேட்பார்: "அதான் நல்லா ஓடுதியே, பெறவு எதுக்கு மாத்திரை? நிறுத்திதான் பாரேன்." அடுத்த வாரம் விரல்கள் வீங்கி, தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியாமல் நிற்பேன். அதே அத்தை, அதே வாசல்: "ஏட்டி, நான் அன்னைக்கே சொன்னம்லா? ஓடி ஓடி மூட்டு தேஞ்சி போச்சு."

தேயவில்லை அத்தை. தேய்மானம் வேறு, இது வேறு. வயதும் எடையும் கூடக்கூட முழங்காலில் குருத்தெலும்பு தேய்வது ஒரு வகை. எனக்கு வந்திருப்பது முடக்குவாதம், பெரியவர்கள் சரவாங்கி என்று சொல்வது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. சவ்வு வீங்குகிறது, கவனிக்காமல் விட்டால் எலும்பையும் அரிக்கிறது. பெரும்பாலும் விரல்களிலும் மணிக்கட்டிலும்தான் தொடங்கும். விரலால் யாரும் ஓடுவதில்லை. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகமாக வருகிற நோய் இது. ஓடாத பெண்களுக்கும் வருகிறது. ஓட்டம் என்றாலே முகம் சுளிக்கிறவர்களுக்கும் வருகிறது.

காலையில் எழுந்ததும் பற்பசை மூடியைத் திருகுவதே ஒரு வேலை. மூட்டெல்லாம் இறுகிக் கிடக்கும். இளகிக் கொடுக்க ஒரு மணி நேரம் போல ஆகும். வெயில் ஏறிய பிறகு இந்த ஊரில் ஓட முடியாது. ஆகவே ஐந்தரைக்கு ஓட வேண்டுமென்றால் நாலு மணிக்கே எழுந்து, வெந்நீரில் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஆடி மாதம் கச்சான் காற்று புழுதியை வாரி இறைக்கும்போதும் இதே கதைதான். இதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. பார்ப்பது ஆறு மணிக்கு ரோச் பூங்கா பக்கம் ஓடுகிற கால்களை மட்டும்தான். "பாத்தா நோயாளி மாதிரியே தெரியலையே" என்று ஒரு சான்றிதழ் வேறு.

மருந்துக் கடைக்குப் போனால் அது தனிக் கூத்து. நான் சாப்பிடுவது மெத்தோட்ரெக்சேட். வாரத்துக்கு ஒரே ஒரு நாள். தவறிப்போய் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. சாப்பிட்ட மறுநாள் குமட்டும். ஓட்டப் போட்டிகள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடப்பதால் மாத்திரையை ஞாயிறு இரவுக்கு வைத்திருக்கிறேன். ஒருமுறை கடைப் பையன் சீட்டைப் பார்த்துவிட்டு, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "இது கேன்சர் மாத்திரைலா? யாருக்குக்கா?" என்றான். அதிக அளவில் கொடுத்தால் புற்றுநோய்க்கு, குறைந்த அளவில் வாரம் ஒருமுறை கொடுத்தால் முடக்குவாதத்துக்கு; அமெரிக்காவில் 1988-லேயே இதற்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள். இந்த வியாக்கியானத்தை நான் கடை வாசலில் நின்று சொல்லி முடிப்பதற்குள் செய்தி தெருவுக்குப் போய்விட்டது. சாயங்காலம் சித்தி ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவரைத் தேற்றுவதற்கு எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

மூட்டு வலிக்கு முடக்கத்தான் கீரை போதும் என்பது இன்னொரு ஆலோசனை. முடக்கத்தான் தோசை எனக்கு உயிர். மைனி சுட்டுத் தந்தால் நாலு சாப்பிடுவேன். அதற்காக மருந்தை நிறுத்த முடியாது. நண்டை விடு, புளியை விடு, தயிரை விடு என்று ஆளுக்கொன்றாகச் சொல்லிக் கடைசியில் சோறும் உப்பும்தான் மிச்சம் வைத்திருக்கிறார்கள். உப்பை விடச் சொல்ல மட்டும் உப்பு விளைகிற இந்த ஊர்க்காரர்களுக்கு மனசு வரவில்லை.

மருத்துவர் என்ன சொல்கிறார் என்று யாராவது கேட்டதுண்டா? நோய் அடங்கியிருக்கும்போது ஓடலாம், வீக்கம் இருக்கும்போது அந்த மூட்டுக்கு ஓய்வு கொடு என்கிறார். ஐரோப்பிய மூட்டுவாத அமைப்புகளின் கூட்டமைப்பான யூலாரும் 2018-ல் இதைத்தான் சொன்னது: உடற்பயிற்சி இந்த நோயாளிகளுக்குப் பாதுகாப்பானது, சிகிச்சையின் ஒரு பகுதியாகவே இருக்க வேண்டும் என்று. நம் அரசாங்கமும் சும்மா இல்லை. 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டத்தைத் தொடங்கியது. அப்போது சுகாதாரத் துறை அமைச்சராக இருந்த மா. சுப்பிரமணியனே நெடுந்தூர ஓட்டக்காரர். எல்லாம் சரி. நான் ஓடுகிற பாதையில் பைக்குகள் நிற்கின்றன, நாய்கள் படுத்திருக்கின்றன. சாலையில் இறங்கினால் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரி. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மருந்து சாப்பிடுகிறவளை நாய் கடித்தால் தடுப்பூசி விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். இதை நாயிடம் எப்படிச் சொல்வது?

ஓட்டப் போட்டி நடத்துகிறவர்களிடம் வருகிறேன். ஐந்தரைக்குத் தொடக்கம் என்று நோட்டீஸ் அடிப்பார்கள். ஒருமுறை சொன்ன நேரத்துக்குப் போய் நின்றேன். ஒலிபெருக்கியில் பாட்டு, மேடையில் சூம்பா ஆட்டம், ஆனால் கொடி மட்டும் அசையவில்லை. சிறப்பு விருந்தினர் வந்துகொண்டே இருக்கிறாராம். ஒரு மணி நேரத்துக்கு மேல் வந்துகொண்டே இருந்தார். நாலு மணிக்கு எழுந்து வெந்நீரில் இளக்கி வைத்த மூட்டெல்லாம் நின்ற இடத்திலேயே மறுபடி இறுகிப்போயின. அவர் வந்து, பொன்னாடை வாங்கி, உடல்நலத்தின் அருமை பற்றிப் பேசி முடிக்கும்போது சூரியன் கடலை விட்டு நன்றாக மேலே வந்துவிட்டது.

இன்னொருமுறை போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது மணிக்கட்டும் பாதமும் வீங்கிவிட்டன. கட்டிய பணத்தை அடுத்த ஓட்டத்துக்கு மாற்றித் தர முடியுமா என்று கேட்டேன். "அதெல்லாம் ரூல்ஸ்ல இல்ல மேடம்" என்றார்கள். லண்டன் மாரத்தானிலும் பாஸ்டன் மாரத்தானிலும் கருவுற்ற பெண்களுக்கு இடத்தைத் தள்ளிவைத்துத் தருகிறார்கள். அதுவும் பெண்கள் கேட்டுக் கேட்டு வந்ததுதான். உடம்பு எப்போது ஒத்துழைக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதவர்களுக்கும் அப்படி ஒரு வழி வைத்தால் யாருடைய கஜானா காலியாகிவிடும்?

இத்தனைக்கும் இது முத்துக்குளித்த ஊர். அந்தக் காலத்தில் சும்மா போய்க் கடலில் குதித்துவிட மாட்டார்கள். முதலில் சிப்பிகள் படிந்திருக்கும் கடலடிப் பாரைச் சோதிப்பார்கள். மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பி எடுத்துப் பார்ப்பார்கள். விளைந்திருந்தால்தான் குளிப்பு அறிவிப்பு. இல்லையென்றால் இந்த வருஷம் இல்லை, அவ்வளவுதான். சில சமயம் பல வருஷங்கள் தொடர்ந்து இல்லை. கடைசிக் குளிப்பு 1961-ல் நடந்தது. கடலைப் பார்த்து யாரும் சோம்பேறி என்று சொல்லவில்லை. போன வருஷம் கொடுத்தாயே, இந்த வருஷம் ஏன் நடிக்கிறாய் என்றும் கேட்கவில்லை. அந்தப் பொறுமையில் கால்வாசி என் மணிக்கட்டுக்குக் கிடைத்தால் போதும்.

பிரபலங்கள் வாய் திறந்தாலாவது ஊருக்குப் புரியுமென்று நினைத்தேன். 2022 அக்டோபரில் நடிகை சமந்தா தனக்கு மயோசிடிஸ் என்று சொன்னார். அன்றிலிருந்து, "சமந்தாவுக்கு வந்ததுதானே உனக்கும்? அவ ஜிம்முல எவ்வளவு வெயிட் தூக்குதா பாத்தியா?" என்கிறார்கள். அது தசையைத் தாக்குவது, இது மூட்டைத் தாக்குவது என்றால் யார் கேட்கிறார்கள்? டென்னிஸ் வீராங்கனை கரோலின் வோஸ்னியாக்கி 2014-ல் நியூயார்க் மாரத்தானை ஓடி முடித்தவர். 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பன் பட்டம் வென்றார். அதே வருஷம் அக்டோபரில் தனக்கு முடக்குவாதம் என்று அறிவித்தார். 2020-ல் ஓய்வு பெற்றார், 2023-ல் திரும்பி வந்து ஆடினார். ஆடிய நாளும் உண்டு, ஆடாத நாளும் உண்டு. இரண்டிலும் அவர் அதே ஆள்தான்.

ஆனால் மேடைக்கு அது பிடிக்காது. மேடைக்கு 'நோயை வென்ற வீராங்கனை' வேண்டும். ஒரு போட்டி முடிந்ததும் என்னையும் பிடித்து மேலே ஏற்றி, நாலு வார்த்தை தன்னம்பிக்கையாகப் பேசச் சொன்னார்கள். எதை வென்றேன்? ஞாயிற்றுக்கிழமை இரவு மாத்திரை காத்திருக்கிறது. சில வாரங்களுக்கு ஒருமுறை ஈரல் எப்படி இருக்கிறதென்று பார்க்க ரத்தம் கொடுக்க வேண்டும். ஓடுவது எனக்குப் பிடிக்கும், அதனால் ஓடுகிறேன். இதைச் சொன்னதும் ஒலிவாங்கியை மெதுவாக வாங்கிக்கொண்டார்கள்.

அடுத்த மாதம் ஒரு 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பேர் கொடுத்திருக்கிறேன். வருவேனா மாட்டேனா என்பது அன்று காலை நாலு மணிக்குத்தான் எனக்கே தெரியும். வந்தால் மேடையேற்ற வேண்டாம். வராவிட்டால் ஆரஞ்சு வாங்கி வர வேண்டாம். அந்தச் சிறப்பு விருந்தினரை மட்டும் நேரத்துக்கு வரச் சொல்லுங்கள்.