ஈத்தாவின் குருவைத் தண்டிப்போர்க்கு

காமத்தைக் கண்டிக்க வந்த நூலொன்றில், கண்டிப்பவனே காமத்தில் விழுந்து விழுந்து எழுகின்றான் எனில் அந்நூலை என்ன செய்வது? மறைத்து வைக்க வேண்டும் என்பார் ஒரு சாரார். அவன் போலித் துறவி, அவன் சமயமும் போலியே என்பதற்குச் சான்றாகக் கொள்ள வேண்டும் என்பார் மற்றொரு சாரார். இவ்விரு சாராரையும் மறுக்கவே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

நாம் குறிப்பது ஹுவான் ரூயிஸ் என்பார் ஸ்பானிய மொழியில் யாத்த ‘நற்காதல் நூல்’. காஸ்தீல் நாட்டில் ஈத்தா என்னும் ஊரின் தலைமைக் குருவாகத் தம்மை அவர் கூறிக்கொள்கின்றார். ஏட்டுப்படி ஒன்றில் 1330 என்றும், மற்றொன்றில் 1343 என்றும் ஆண்டு காணப்படுகின்றது. 1,700க்கு மேற்பட்ட செய்யுட்கள்; பெரும்பாலானவை ஓரியைபு பெற்ற நான்கடிப் பாக்கள். அந்நாளைய கற்றோர் புனிதர் வரலாறுகளைப் பாடிய யாப்பு அது. அதே யாப்பில்தான் நம் குரு தாம் பெண்களைத் தேடி அலைந்ததையும், பெரும்பாலும் தோற்றுத் திரும்பியதையும், மலைநாட்டு முரட்டுப் பெண்ணொருத்தி தம்மைத் தோளில் தூக்கிச் சென்றதையும் பாடுகின்றார்!

இந்நூலை 1790இல் முதன்முதலாக அச்சேற்றிய தோமாஸ் அந்தோனியோ சாஞ்செஸ், ஒழுக்கத்திற்கு ஒவ்வாதன என்று கருதிய பகுதிகளை நீக்கிவிட்டார். நூலை முழுமையாகவே பதிப்பிக்க வேண்டுமென வரலாற்றுக் கழகத்தின் சார்பில் ஹோவெல்லானோஸ் வலியுறுத்தியும் பயனில்லை. நீக்கப்பட்டவை 1864ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் மீண்டன. எந்திரினா என்னும் கைம்பெண்ணின் கதையில் அவள் வீழும் இடத்து ஏடுகளோ இன்றுவரை கிடைக்கவில்லை. காலம் கிழித்ததோ, கை கிழித்ததோ!

அவ்வெந்திரினா கதையையே எடுத்துக்கொள்வோம். ‘நான்’ என்று தொடங்கிய குரு இடையிலே ‘தோட்டத்து முலாம்பழம்’ என்று பொருள்படும் பெயருடைய இளைஞனாகிவிடுகின்றார். எந்திரினா என்பதும் ஒரு காட்டுக்கனியின் பெயரே. இறுதியில் கனிகள் இரண்டும் மணம் செய்துகொள்கின்றன. கத்தோலிக்கக் குரு மணம் புரிவது எங்ஙனம்? இது பன்னிரண்டாம் நூற்றாண்டு இலத்தீன் நாடகமாகிய ‘பாம்பிலுஸ்’ கதையின் மறுவடிவம். எடுத்துக்காட்டாகச் சொன்னேனேயன்றி எனக்கு நேர்ந்ததாகச் சொல்லவில்லை என்று அவரே தெளிவுபடுத்துகின்றார். இதன் பின்னும் இந்நூலை வாழ்க்கைக் குறிப்பாகக் கொண்டு ஆசிரியரின் ஒழுக்கத்தை எடைபோடுவது நகைப்பிற்கிடமானது. ‘நான்’ என்பது இங்கே ஓர் அரங்க வேடம்.

வேடமெனில் எதற்கு? உரைநடை முன்னுரையில் குரு அறிவு, விருப்பம், நினைவு ஆகிய மூன்றைப் பற்றி முறையான மறையுரையொன்றை நிகழ்த்துகின்றார். மூடக்காதலை விலக்கவே எழுதினேன் என்கின்றார். உடனே, பாவம் செய்வது மனித இயல்பாதலின், செய்ய விரும்புவோர்க்கும் இதில் வழியுண்டு, எனினும் நான் அதைப் பரிந்துரைக்கவில்லை என்று சேர்த்துக்கொள்கின்றார். அடுத்து வருவது கிரேக்க அறிஞனும் உரோமப் போக்கிரியும் சைகையால் வாதிட்ட கதை. ஒரு விரல் காட்டிய கிரேக்கனுக்கு அது ஒரே கடவுள்; போக்கிரிக்கோ தன் கண்ணைக் குத்த வரும் விரல். மூன்று விரலை நீட்டி, உன் இரு கண்ணையும் பல்லையும் பெயர்ப்பேன் என்று அவன் மிரட்ட, கிரேக்கன் அதில் மும்மைக் கடவுளைக் கண்டு மகிழ்கின்றான். விரல் காட்டிக் காளிதாசன் வென்ற கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதன் சுவையை விளக்க வேண்டுவதில்லை. நூலைப் படிப்பவன் தன் மனத்தையே படிக்கின்றான் என்று தொடக்கத்திலேயே எச்சரித்த ஆசிரியரை, ஒரு விரலை மட்டும் பிடித்துக்கொண்டு தண்டிப்பது முறையாமோ?

சமயத்தை இகழவே எழுதினார் என்பாரும் இப்பிழையே செய்கின்றனர். அவர்க்காகத் தூது சென்ற கிழவிக்குப் பெயரே ‘மடங்களுக்கு ஓடுபவள்’. அவள் இறந்தபோது குரு கதறுகின்றார். சாவை நெடிது வசைபாடுகின்றார். சாவை வென்ற கிறிஸ்துவைப் போற்றுகின்றார். பின்பு அக்கிழவி வானுலகில் வேதசாட்சிகளோடு வீற்றிருப்பதாகவும் சொல்லிவிடுகின்றார். இது கேலியா, துயரமா? இரண்டும் என்பதே எம் கருத்து. எள்ளி நகையாட மட்டும் வந்தவன் இப்படி அழமாட்டான். அறம் கூற மட்டும் வந்தவன் அவளை அங்கே இருத்தத் துணியமாட்டான்.

தலவேராக் குருமாரைப் பற்றிய பாட்டோ இன்னும் கூரியது. குருமார் காமக்கிழத்தியை வைத்திருத்தலாகாது என்ற பேராயரின் ஆணை தலவேராவுக்கு வருகின்றது. வெறுங்கற்பனை அன்று: 1322இல் வல்லதோலிதில் கூடிய திருச்சபைச் சங்கமும் இத்தகைய தடையை விதித்திருந்தது. பாட்டிலே முதுகுரு கண்ணீர் வடித்து மன்னனிடம் முறையிடுவோம் என்கின்றார். பொருளாளர், தெரேசாவை விடுவதினும் ஊரை விட்டே போவேன் என்று சினக்கின்றார். வேறொருவர், அநாதைப் பெண்ணைக் காப்பது அறமன்றோ என்று வாதாடுகின்றார்! மாசற்ற ஒருவர் வெளியே நின்று இதைப் பாடியிருந்தால் வசையாக மட்டுமே முடிந்திருக்கும். ஆனால் அவ்வாணைக் கடிதத்தைக் கொண்டு வந்தவர் யார்? தலைமைக் குருவே. விருப்பமின்றி, வருத்தத்தோடு கொண்டு வந்தார் என்கின்றது பாட்டு. தம்மையும் தாக்கும் ஆணையைத் தம் கையாலேயே சுமந்து வரும் அக்குருவை நீக்கிவிட்டு, இந்நூலில் எந்த நீதியைத் தேடப் போகின்றோம்?

பாடத் தெரிந்த எவரும் இந்நூலில் கூட்டலாம், திருத்தலாம், பந்தைப் போலக் கைமாற்றலாம் என்று ஹுவான் ரூயிஸ் தாராளமாக உரிமை வழங்கியுள்ளார். வெட்ட மட்டுமே தெரிந்தவர்க்கு அவர் அவ்வுரிமை தரவில்லை.